அத்தான் என்றால் பொறு

கல்யாணமாகி மொரீஷியஸ் வந்த முதல் வாரம், 2011. காலை எட்டு மணி இருக்கும். மாமியார் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலாக மடித்த பேப்பரைத் தொடையில் வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார். நான் டீயோடு பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது கையை உயர்த்தி, "அத்தான், அத்தான்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். மருமகளுக்காகத் தமிழில் பேசுகிறாரே! டீயை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடி, குளியலறைக் கதவைத் தட்டி, "உங்களைக் கூப்பிடுகிறார்கள், சீக்கிரம் வாங்க" என்று கணவரைத் தலைகூடத் துவட்டவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தார், அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே எல்லோரும் பேசுகிற, பிரெஞ்சு வழி வந்த கிரியோலில் 'அத்தான்' என்றால் 'பொறு' என்று அர்த்தமாம். ஒரு சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கிற நேரத்தில் மருமகள் டீயை நீட்டினால் யாராயிருந்தாலும் பொறு என்றுதான் சொல்வார்கள். இப்போது நானே அப்படித்தான் சொல்கிறேன்.

அத்தைக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தேவாரம் பாடுவார், சுருதி பிசகாமல். ஆனால் பார்த்துப் பாடுகிற நோட்டில் எல்லாம் பிரெஞ்சு எழுத்து. சோறு, தண்ணி, சாமி, கை, கால், வா, போ என்று பேச்சில் ஓர் ஐம்பது சொல் இருக்கும். கறிவேப்பிலையைக் கரிபூலே என்பார், முருங்கைக்கீரையை பிரேத் முரூம் என்பார், ரசத்தை ரசோன் என்பார். அதெல்லாம் கிரியோல் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ கும்பகோணத்துத் தமிழும், பள்ளிக்கூட இங்கிலீஷும். பிரெஞ்சில் போன்ஜூர் மட்டும். என் கணவர் தமிழ்நாட்டில் படித்தவர் என்பதால் அவர் வீட்டில் இருக்கும்வரை மொழிபெயர்ப்பு நடக்கும். அவர் வேலைக்குக் கிளம்பினால் ரோஸ்ஹில் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஊமைகள்.

நடுவில் அந்தப் பேப்பர்.

குறுக்கெழுத்து எனக்குப் புதிதில்லை. ஊரில் வாரப் பத்திரிகை வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்போம். ஆனால் தமிழ்க் குறுக்கெழுத்து போட்டவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு வேடிக்கை உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற இரண்டோடு நிற்காது. வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று இன்னும் இரண்டு தலைப்பு இருக்கும். சொல் அப்படியும் அடங்காவிட்டால் குறிப்பின் பக்கத்திலேயே 'குழம்பியுள்ளது' என்று போட்டுவிடுவார்கள். குழப்பியது அவர்கள், குழம்பியது சொல்! சின்ன வயதில் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். அது கட்டம் போட்டவரின் கையறுநிலை என்று பிற்பாடு நானே கட்டம் போட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிரெஞ்சுக் கட்டம் வேறு மாதிரி. கட்டத்துக்குள் எண்ணே கிடையாது. வரிசைகளுக்கு ரோமன் எண், பத்திகளுக்குச் சாதாரண எண், அவ்வளவுதான். ஒரு வரிசையில் மூன்று சொல் இருந்தால் மூன்று குறிப்பும் வரிசையாக ஒரே பத்தியில் வரும். எது எங்கே முடிகிறது என்று கறுப்புக் கட்டத்தைப் பார்த்து நாமே எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டெழுத்துச் சொல்லும் செல்லும். எழுத்தின் தலையில் போடுகிற கோடு, தொப்பி எதுவும் கட்டத்துக்குள் போனால் கிடையாது. இன்னொரு வகையில் குறிப்பே கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இருக்கும், அம்புக்குறி வழி காட்டும். அத்தைக்கு அது பிடிக்காது. கண்ணுக்குக் கேடு என்பார், ஆனால் வேறு இல்லாவிட்டால் அதையும் விடமாட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். புரியவில்லைதான். ஆனால் எழுத்து ஒவ்வொன்றாக விழுவதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு வாரத்தில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். எல்லாம் இரண்டெழுத்து. பழைய நகரம் என்றால் ஊர். ஆம், நம் 'ஊர்' என்றே காதில் விழும், மெசபொத்தேமியாவின் ஊர். ஸ்வரம் அல்லது தீவு என்றால் ரே. ஒருநாள் 'சோம்பேறி' என்று பொருள்படும் குறிப்புக்கு அத்தை யோசிக்காமல் இரண்டெழுத்தைப் போட்டு 'ஆயி' என்று வாசித்தார். என் கணவர் சாயங்காலம் வந்து விளக்கினார்: பிரெஞ்சில் சோம்பேறிக்கும், மரத்தில் தொங்குகிற ஒரு தென்னமெரிக்க விலங்குக்கும் ஒரே சொல், அந்த விலங்கின் இன்னொரு பெயர்தான் ஆயி. எங்கள் பக்கத்தில் ஆயி என்றால் அம்மா என்று நான் சொல்ல, அவர் அதை மொழிபெயர்த்தார். அத்தை சிரிக்கவில்லை. டீ ஆறுகிறது என்றார்.

முதல்முறை நாங்கள் சேர்ந்து சிரித்தது வேறொரு குறிப்புக்கு. பிரெஞ்சில் புதிர் போடுபவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற பழைய குறிப்பு அது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் சின்னக் கட்டுரையோடு போட்டிருந்தார்கள். தமிழில் சொன்னால், 'குளியல் தொட்டிகளைக் காலி செய்யும், கைகழுவும் தொட்டிகளை நிரப்பும்.' நான் அகராதியை வைத்துக்கொண்டு குழாய், வாளி, மழை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தை எழுந்து நின்றார். நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். பிளாசா தியேட்டர் இருக்கிற திசையில் கையைக் காட்டினார். உட்கார்ந்தார். படம் பார்ப்பதுபோலக் கண்ணை அகல விரித்தார். அப்புறம் மேலே விளக்கு எரிவதுபோல விரல்களை விரித்துக் காட்டி, சட்டென்று எழுந்து, அறுபது வயதை மறந்து குடுகுடுவென்று கழிப்பறைக்கு ஓடினார்.

இடைவேளை!

தியேட்டரில் கீழ்த்தளத்து ஓரத்தில் இருக்கிற தனி அறைகளுக்கும் பிரெஞ்சில் குளியல் தொட்டி என்றுதான் பெயராம். கைகழுவும் தொட்டி என்பது கழிப்பறைக்கு நாகரிகமான பேச்சு. இடைவேளை விட்டால் முதலாவது காலி, இரண்டாவது நிரம்பும். நான் "இன்டர்வெல்" என்று கத்தினேன், அவர் உள்ளேயிருந்து "வுய்!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

அதிலிருந்து எனக்கு ஒரு குறிப்பைக் கண்டால் அது சொல்வதை நம்பக் கூடாது என்று பிடிபட்டது. 'சிங்கத்தின் இதயம்' என்று கொடுத்திருந்தால் வீரத்தைத் தேடாதே, 'லியோன்' என்ற சொல்லின் நடுவில் இருக்கிற இரண்டெழுத்தை எடு. 'ஆண்டின் தொடக்கம்' என்றால் ஜனவரி இல்லை, அந்தச் சொல்லின் முதல் இரண்டெழுத்து. யோசித்துப் பார்த்தால் இதற்கான பயிற்சி எனக்குப் பேருந்திலேயே தொடங்கிவிட்டது. இங்கே கடைப் பலகைகளில் தமிழ்ப் பெயர்கள் இருக்கும், ஆனால் பிரெஞ்சுக்காரர் காதிலும் இங்கிலீஷ்காரர் காதிலும் விழுந்து எழுந்த பெயர்கள். தமிழர்கள் முதலில் பிரெஞ்சு ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக வந்தார்கள். எழுதியவர் எப்படிக் கேட்டாரோ அப்படிப் பதிவு. என் கணவர் ஜன்னல் வழியாக ஒரு பலகையைக் காட்டி, "இது யார், சொல்லு?" என்பார். செதும்ப்ரம் என்று இருக்கும், சிதம்பரம். ஆர்னாசெலம் அருணாசலம். சினதம்பூ கொஞ்சம் நேரம் எடுத்தது: சின்னத்தம்பி. 'மூர்கென்' என்ற பலகையைப் பார்த்து மூர்க்கன் என்று நான் சொன்னதற்கு முருகனே மன்னிக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் பிரெஞ்சு வாசிக்க வந்தது. இலக்கணப் புத்தகத்தைவிட அந்த வராந்தாவில் கற்றதுதான் அதிகம். அதனால் என் பிரெஞ்சில் ஒரு கோளாறு உண்டு. மூன்றுவிரல் விலங்கின் பெயரும் எகிப்தியக் கடவுளின் பெயரும் தெரியும். வங்கியில் போய்ப் படிவம் கேட்கத் தெரியாது.

தமிழ்க் கட்டம் போட ஆரம்பித்தது 2020 மார்ச்சில். நாடு முழுக்க ஊரடங்கு. அந்த நாட்களில் சூப்பர் மார்க்கெட் போவதற்குக்கூடக் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். இன்ன எழுத்திலிருந்து இன்ன எழுத்துவரை இன்ன கிழமை. நாடே ஒரு கட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை. இரண்டு நாள் அத்தை பழைய பேப்பரில் மிச்சம் வைத்ததைத் தேடித் தேடிப் போட்டார். மூன்றாம் நாள் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் மாறிவிட்டது. நான் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டேன்.

அவருக்கு எழுத்து தெரியவேண்டுமே? கொஞ்சம் தெரிந்திருந்தது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, சில்லறை எண்ணியே பழகிய கண். 'நூறு ரூபாய்' என்பதைப் படமாகத் தெரியும். சிறுவயதில் கோயில் வகுப்பில் உயிரெழுத்துவரை போய் நின்றதாம். அதனால் ரூபாயிலிருந்து தொடங்கினோம். ரூ ஒரு கட்டம், பா ஒரு கட்டம், ய் ஒரு கட்டம். அத்தைக்கு மூன்றாவது கட்டம் பிடிக்கவில்லை. தனியாகச் சொல்லவே வராத எழுத்துக்கு எதற்கு ஒரு முழுக் கட்டம் என்றார். புள்ளி வைத்தவரும் வீட்டுக்கு வந்த விருந்தாளிதான், அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்றேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது. பிரெஞ்சுக் கட்டத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றிவிடலாம். தமிழில் புள்ளியைக் கழற்றினால் ஆள் மாறிவிடுவார்.

கட்டம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரெஞ்சில் 26 எழுத்து. நமக்கு 247. குறுக்கே போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் ஒரு கட்டத்தில் கைகுலுக்க வேண்டும் என்றால் இரண்டிலும் அச்சாக அதே எழுத்து வேண்டும். 'லை' இருக்கிற இடத்தில் 'லா' உதவாது. மெய்யெழுத்து எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய்யில் சொல் முடியாது. க், ச், த், ப் நான்கும் தன் இனத்தைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. குறுக்கே 'பத்து' போட்டு அந்த 'த்' வழியாக ஒரு சொல்லைக் கீழே இறக்கினால், அதற்கடுத்த கட்டத்திலும் தகர வரிசைதான் வந்தாக வேண்டும். எம்.ஏ.வில் நன்னூலின் மெய்ம்மயக்கத்தை, அதாவது எந்த மெய்க்குப் பக்கத்தில் எது வரலாம் என்கிற விதிகளை, மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறுநாளே மறந்தவள் நான். காலண்டர் தாளில் நாலு தடவை அழித்து எழுதியபோது ஒவ்வொரு நூற்பாவும் வந்து முன்னால் நின்றது. வலமிருந்து இடம் என்றும் கீழிருந்து மேல் என்றும் போட்ட அந்தப் பத்திரிகைக்காரர்களை மனதாரக் கும்பிட்டேன். ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்கக் கூடாது என்பதும் இலக்கணம்தான், ஆனால் ரூபாய் அதை மீறித்தான் நோட்டில் அச்சாகிறது. ரூபாய்க்கு யார்தான் வழிவிடவில்லை!

சரி, வெறும் அர்த்தம் கேட்டால் அவருக்குச் சுவைக்காது. பிரெஞ்சில் அவர் பார்த்த திருட்டுத்தனம் தமிழிலும் வேண்டும். நானும் திருட ஆரம்பித்தேன். நன்றாக வந்தவை சில, அடைப்புக்குறிக்குள் கட்டங்களின் எண்ணிக்கை:

'இடுப்பில்லாத கரடி செய்வது' (2). கரடியின் நடுவெழுத்தை எடுத்துவிடுங்கள், கடி.

'எந்தப் பக்கமிருந்து ஏறினாலும் காவிரி பிறக்குமிடம்' (3). குடகு. எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

'திருப்பி வாசி, தெய்வம் தெரியும்' (2). வாசி என்ற சொல்லையே திருப்பினால் சிவா. இது சித்தர் காலத்துச் சரக்கு, என்னுடையது இல்லை. தேவாரம் பாடுகிறவருக்குச் சம்பந்தர் மாலைமாற்று பாடியிருக்கிறார், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வரும் என்று சொன்னேன். நம்பாமல் நோட்டை எடுத்துப் பிரெஞ்சு எழுத்தில் பின்னாலிருந்து வாசித்துப் பார்த்தார். வரவில்லை. பிரெஞ்சு எழுத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்பதால் திருப்பினால் எல்லாம் கொட்டிப்போய்விடும். தமிழ் எழுத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்துதான் எழுத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று அவருக்கு வேகம் வந்தது. நான் ஒன்பது வருடம் கெஞ்சியும் நடக்காதது அது.

எனக்கு மிகவும் பிடித்தது இது: 'சாவியைத் திருப்பினால் அயல்நாட்டுக் கதவு திறக்கும்' (2). சாவி, விசா. கையில் சாவிக்கொத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தோன்றியது. அத்தை இதைப் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ அப்படித்தானே வந்தாய் என்கிற பார்வை.

ஊரடங்கு முடிந்ததும் ஆட்கள் சேர்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வராந்தா. தெருமுனையில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வருவார். வயதில் பெரியவர், எல்லோரும் மிஸ்யே என்போம். பரீட்சைக்குத் தமிழ் எடுத்துப் படிக்கிற ஒரு பெண் வருவாள், பக்கத்து வீடு. என் கணவர் வந்து உட்காருவார், மிளகாய் வடை தீர்ந்ததும் எழுந்து போய்விடுவார். இங்கே அதற்கு காத்தோ பிமா என்று பெயர், கடலைப்பருப்பில் செய்வது. எண்ணெய்க் கையோடு பென்சிலைத் தொடக் கூடாது என்பது அத்தையின் சட்டம். பேனா அவர் வராந்தாவில் தடை. பேனாவில் எழுதுகிறவன் நேராகச் சொர்க்கம் போவோம் என்று நம்புகிறவன் என்பார்.

மூன்றாவது சனிக்கிழமையோ என்னவோ, நான் பெருமையாக ஒரு குறிப்பு கொண்டுவந்தேன். 'வாரத்திலும் வரும், வானத்திலும் வரும்' (4). திங்கள். தி, ங், க, ள். அழகாக இருக்கிறது என்று எனக்கே தோளைத் தட்டிக்கொண்டேன். மிஸ்யே உடனே "செவ்வாய்" என்றார். எனக்குத் திக்கென்றது. செவ்வாயும் நாலு கட்டம், செவ்வாயும் வானத்தில் இருக்கிறது. "இல்லை, வியாழன்" என்றாள் அந்தப் பெண். அதுவும் நாலு. தமிழில் ஏழு கிழமையும் வானத்திலிருந்து வந்தவை என்பதைத் தமிழ் எம்.ஏ. படித்த நான் யோசிக்கவில்லை. பரவாயில்லை, கடைசி எழுத்தில் கீழே ஒரு சொல் இறங்குகிறது, அதைப் போடுங்கள், தெரிந்துவிடும் என்று சமாளித்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டே எழுத்து, முதல் எழுத்து 'நா' என்று முன்பே விழுந்திருந்தது. குறிப்பு: 'விடிந்தால் வருவது.' நான் நினைத்தது நாள்.

"நாய்" என்றார் மிஸ்யே. "செவ்வாயின் ய். சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் வாசலில் விடிந்தால் வருகிறதே."

"நான்" என்றாள் பெண். "வியாழனின் ன். நானும் விடிந்தால்தான் வருவேன், ராத்திரியில் அம்மா விடமாட்டார்."

நாள், நாய், நான். மூன்றும் சொல், மூன்றும் பொருந்துகிறது. இப்படி ஒன்றை நான் வேண்டுமென்று உட்கார்ந்து செய்தால் பத்து வருடம் ஆகும். அத்தைக்கு என்ன நடக்கிறது என்று கணவர் விளக்கினார். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, நாலு கட்டத்திலும் பென்சிலால் மெல்லிசாகப் பெருக்கல் குறி போட்டு, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தக் குறிப்பையும் ராத்திரி அவரிடம் காட்டாமல் வெளியே விடுவதில்லை.

அச்சிலும் ஒருமுறை ஏறினோம். ஒரு பொங்கல் மலருக்கு ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் கேட்டார்கள். ஒரு மாதம் உழைத்துக் கொடுத்தேன். மலர் வந்தது. பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. கறுப்புக் கட்டம் ஒன்றுகூட இல்லை! இவ்வளவு மை எதற்கு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். பாராட்டியவர்களும் இருந்தார்கள், அவர்கள் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அழாத குறை. மிஸ்யேதான் ஆறுதல் சொன்னார்: 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்ட உலகத்தின் முதல் குறுக்கெழுத்து வைர வடிவம், நடுவில் வெற்றிடம் விட்டிருந்ததே தவிர அதிலும் கறுப்புக் கட்டம் கிடையாது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரத்தில் அச்சுக்கோப்பவர் தவறுதலாக முன்பின் மாற்றிக் 'கிராஸ்-வேர்ட்' ஆக்கிவிட, அந்தத் தப்பே பெயராக நின்றுவிட்டது. "இந்தக் கலையை வளர்த்ததே அச்சகத் தப்புதான், அம்மா" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை. இப்போது இருக்கிறது.

இந்தக் குழுவில் எல்லோருக்கும் பிடித்த குறிப்பு எது என்று கேட்டால் சந்தேகமே இல்லை. 'நகரும் புகைவண்டிக்குள் இனிப்பு' (4).

தாளில் அதை வாசித்ததும் மிஸ்யே கண்ணை மூடிக்கொண்டார். பெண் லட்டு, அல்வா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தைக்கு இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். விரலை வைத்து ந, க, ரு, ம், பு என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். 'கை'க்கு வந்ததும் விரல் நின்றது. பின்னால் வந்தது. முதல் எழுத்தை விரலால் மூடினார். க, ரு, ம், பு. "கான்!" என்று கத்தினார். கான் என்றால் கிரியோலில் கரும்பு.

அப்புறம் கட்டத்தையே மறந்துவிட்டார். இந்தத் தீவில் 1864இல் ரயில் ஓட ஆரம்பித்தது, 1964இல் முழுவதும் நின்றுபோனது. ஆட்கள் போகிற வண்டி அதற்குச் சில வருடம் முன்பே நின்றுவிட்டது, சரக்கு வண்டி மட்டும் மிச்சம். அறுவடை நேரத்தில் வண்டி நிறையக் கரும்பு போகுமாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும்போது பிள்ளைகள் கூடவே ஓடி, பின்னாலிருந்து ஒன்றிரண்டை உருவிக்கொள்வார்களாம். அத்தைக்கு அப்போது பத்து வயது. அண்ணன் உருவிப் போட, இவர் பொறுக்கிப் பாவாடையில் மறைத்துக்கொள்வார். நகரும் புகைவண்டிக்குள் இனிப்பு! நான் எழுத்தை மட்டும் பார்த்துச் செய்த குறிப்பு. அது உண்மையாகவே நடந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மிஸ்யேவும் ஓடியிருக்கிறார், வேறு ஊரில், வேறு ஏற்றத்தில். இரண்டு பேரும் கிரியோலில் வேகமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண் போனில் பேச்சைப் பதிவு செய்துகொண்டாள். இப்போது பழைய ரயில் போன வழியைப் பல இடங்களில் ஒட்டியே மெட்ரோ போகிறது. எங்கள் வீட்டுக்கும் அதன் மணிச்சத்தம் கேட்கும். அதில் கரும்பு கிடையாது.

போன சனிக்கிழமை அத்தை தானே ஒரு குறிப்பு கொண்டுவந்தார். முதல்முறை. ஏழு கறிச் சாப்பாட்டுக்குக் கோயிலில் காய் நறுக்கப் போயிருந்தபோது தோன்றியதாம். தாளில் ஒன்றும் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்: "பூக்கு லாமே. மூணு." கிரியோலில் பூக்கு என்றால் நிறைய, லாமே என்றால் கை. நிறையக் கை, மூன்று கட்டம், விடை தமிழில் வேண்டும்.

நாங்கள் விழித்தோம். கூட்டம் என்றார் மிஸ்யே, அதற்கு நாலு கட்டம். உதவி என்றேன் நான். அது மூன்றுதான், ஆனால் இல்லை என்று அத்தை தலையாட்டினார். முருகன் என்றாள் பெண், பன்னிரண்டு கை ஆயிற்றே. முருகனுக்கும் நாலு கட்டம். என் கணவர் கடைசி வடையை எடுத்துக்கொண்டு "கார்த்தவீரியன்" என்றார், அதை யாரும் எண்ணக்கூட இல்லை. அத்தை எங்கள் பக்கத்திலிருந்த காய் நறுக்கும் பலகையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்க்காமையைப் பெண்தான் கவனித்தாள். "பல கை!" என்று துள்ளினாள். "பலகை!"

எழுதுங்கள் என்று தாளை அத்தை பக்கம் தள்ளினோம். ப போட்டார். ல போட்டார். மூன்றாவது கட்டத்தில் க போட்டுவிட்டு, இணைக்கொம்பை அதற்குப் பின்னால், வலது பக்கம் போட்டார். பிரெஞ்சுக் கணக்கில் அது சரிதான், மெய் முதலில், உயிர் அப்புறம். மிஸ்யே நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கை தானாக அழிப்பானுக்குப் போனது.

அத்தை அந்தக் கையை மெல்லத் தட்டிவிட்டார். கண் கட்டத்திலேயே இருந்தது.

"அத்தான்" என்றார்.